மூன்று முழுக்கும் ஓர் அரோகராவும்

இதை எழுத வேண்டும் என்று பேனாவை எடுப்பதும், அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று எனக்கு நானே சாக்குச் சொல்லி எழுந்து போவதுமாகச் சில வருஷங்கள் ஓடிவிட்டன. நான் எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். பிழை வருமே என்ற கூச்சம் ஒரு பக்கம். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. விரதக் குளியலில் ஒரு மனுஷர் மூச்சுக்குத் தவித்தார் என்று எழுதினால், முருகனையே குறை சொன்னதாக ஆகிவிடுமோ என்கிற பயம். என் வீட்டுக்காரரும் விடவில்லை. "எழுதாத புள்ளே. காவடிக்காரன் டிரம்முக்குள்ள மாட்டிக்கிட்டான்னு ஊரே சிரிக்கும்" என்பார்.

இந்தக் கார்த்திகையில் அவரே மனம் மாறினார். எங்கள் பழனி யாத்திரைக் குழுவில் புதிதாக மாலை போட்ட ஒரு தம்பி, போனில் ஒரு வீடியோவைக் காட்டினான். யாரோ ஒருவர் ஐஸ் மிதக்கும் தொட்டிக்குள் தலையோடு முழுகி எழுகிறார். "நடந்து நடந்து கால் வலிச்சா இதுதானுங்க மாமா மருந்து. நானும் ஒண்ணு வாங்கப்போறேன்" என்றான். இவர் அதைக் கடைசிவரை பார்த்தார். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போது சொன்னார்: "எழுதிரு புள்ளே. ஆனா உள்ளது உள்ளபடி எழுது."

எழுதுகிறேன். முருகா, பிழை வராமல் பார்த்துக்கொள்.

எங்கள் வீடு ஏற்காட்டு மலையில், வாழவந்தியில். கொஞ்சம் காப்பி, கொஞ்சம் மிளகு, வேலியோரம் ஆரஞ்சு மரங்கள். மார்கழியில் காப்பிப் பழம் பறிப்பு ஒரு பக்கம் நடக்கும், விரதம் ஒரு பக்கம் நடக்கும். கல்யாணமான நாள் முதலாக அவர் வருஷம் தவறாமல் மாலை போட்டுத் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிறவர். வெறும் நடைதான், காவடி எடுத்ததில்லை.

விரத நாட்களில் விடியும் முன்னால் புழக்கடைச் சிமெண்டுத் தொட்டியில் குளிப்பார். மூன்று முழுக்கு. ஒவ்வொரு முழுக்கிலும் தலையைத் தூக்கி, "வேல் முருகனுக்கு!" என்று ஒரு சத்தம் கொடுப்பார். அடுப்படியிலிருந்து நான் "அரோகரா!" என்று பதில் சொல்லவேண்டும். என் கையில் எந்த வேலை இருந்தாலும் அந்தப் பதில் நிற்காது. எத்தனையோ மார்கழிகளை நான் அந்த மூன்று சத்தத்தை வைத்துத்தான் தொடங்கியிருக்கிறேன். மூன்றாவது கேட்டதும் பாலை இறக்கினால் சரியாக இருக்கும்.

எங்கள் குழுவில் இன்னொரு வழக்கமும் உண்டு. தண்ணீரில் காலை வைத்துவிட்டு யோசிக்கக் கூடாது. யோசித்தால், "விரதத்துல எங்கயோ ஓட்டை இருக்குதுங்க" என்று கேலி செய்வார்கள். ஆகையால் எவ்வளவு குளிராக இருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு ஒரே முழுக்காக முழுகிவிடுவது. யாரும் அதைத் தப்பென்று நினைத்ததில்லை. தொட்டித் தண்ணீர் கார்த்திகையில் கொஞ்சம் குளிரும், மார்கழியில் அதற்குமேல் குளிரும், உடம்பும் கூடவே பழகிக்கொள்ளும். அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

எங்களுக்கு ஒரே மகள். நன்றாக ஓடுவாள். ஏற்காட்டைச் சுற்றியிருக்கும் மேட்டு ரோடெல்லாம் அவளுக்குத் தெரு மாதிரி. கல்லூரியில் ஓட்டப் பந்தயத்துக்குப் பழகும்போது முட்டிக்குள் ஜவ்வு கிழிந்து, சேலத்தில் ஆபரேஷன் ஆயிற்று. கட்டோடு அவள் படுத்திருந்தபோது இவர் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று வேண்டிக்கொண்டார். "என் புள்ள மறுபடி ஓடிட்டான்னா உனக்குக் காவடி எடுத்து நடந்து வர்றேன் முருகா." அவள் மறுபடி ஓடினாள். முதல் நாள் அவள் கிளியூர் ரோட்டில் ஓடியதை இவர் பஸ் ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டு, டிக்கெட் எடுத்த ஊருக்கு முன்னாலேயே இறங்கி, ரோட்டோரம் நின்று அழுதாராம். பஸ்ஸில் வந்த பக்கத்து வீட்டுக்காரி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அந்த வருஷம்தான் காவடி எடுக்கவேண்டிய வருஷம். அந்த வருஷம் பார்த்துத்தான் அவருடைய கால் மக்கர் பண்ணியது.

தோளில் பாரத்தோடு பழகவேண்டும் என்று, ஒரு கழியின் இரண்டு பக்கமும் காப்பிக்கொட்டைப் பைகளைக் கட்டித் தூக்கிக்கொண்டு குப்பனூர் ரோட்டில் மலையிறங்குவார். கீழே போய் பஸ் ஏறித் திரும்பி வருவார். ஏறுவதைவிட இறங்குவதுதான் முட்டிக்கு வினை. இரண்டு தரம் போய்வந்ததும் முட்டி வீங்கிவிட்டது, ஆடுசதை கல்லாக இறுகிவிட்டது. படி இறங்கும்போதெல்லாம் "ஸ்ஸ்" என்று ஒரு சத்தம்.

"காவடி எடுக்காம போனா புள்ள காலு மறுபடி கெட்டுப்போயிருமோ" என்று ஒருநாள் சாப்பிடும்போது சொன்னார். நான் அவர் வாயைப் பொத்தினேன். ஆனால் எனக்கும் அதே பயம்தான்.

லீவுக்கு வந்த மகள் அப்பாவின் நடையைப் பார்த்ததும் கண்டுபிடித்துவிட்டாள். "எங்க கோச் எங்களைக் குளிர்ந்த தண்ணியில கால் வச்சு உக்காரச் சொல்லுவாருப்பா. வலி கொஞ்சம் மட்டுப்படும்."

"ஏங்கண்ணு, மார்கழி மாசம் ஏற்காட்டுல வெளிய நின்னாலே ஐஸுதான. அதுக்குன்னு தனியா எதுக்கு?"

"அதையேதான் நானும் சொல்றேன். ஐஸே வேண்டாம். தொட்டித் தண்ணி போதும். பிரஷர் மாத்திரை சாப்பிடறீங்களே, டாக்டரைக் கேட்டீங்களா?"

"கேட்டாச்சு, கேட்டாச்சு."

கேட்கவில்லை. அது பின்னால்தான் தெரிந்தது.

கல்யாணத்துக்குச் சோறு வடிக்கும் பெரிய அண்டா ஒன்று எங்களிடம் உண்டு. சாயங்காலம், வெயில் இருக்கும்போதே, அதைப் புழக்கடையில் வைத்துத் தண்ணீர் நிரப்புவாள். அப்பாவை ஸ்டூலில் உட்காரவைத்து, காலை மட்டும் மெதுவாக உள்ளே விடச் சொல்வாள். முதலில் பாதம், அப்புறம் கெண்டை, அப்புறம் முட்டி. அவர் மூச்சை இழுத்துப் பிடித்தால் அதட்டுவாள்.

"மூச்சை வெளிய விடுங்கப்பா. நிதானமா. பேசிக்கிட்டே இருக்கோணும். பேச்சு வரலைன்னா எந்திரிச்சிரோணும்."

"என்னத்தப் பேசறது?"

"அம்மாவைத் திட்டுங்க."

"அதுக்குப் பொழுது பத்தாது சாமி."

"திட்டுங்க, திட்டுங்க. ராத்திரிக்குச் சோறு இருக்குதான்னு பாக்கலாம்" என்று நான் உள்ளேயிருந்து குரல் கொடுப்பேன்.

சில நிமிஷம்தான். நடுக்கம் வரும்வரை இருக்கவிடமாட்டாள். "நடுங்கற வரைக்கும் இருக்கறது வீரமில்லப்பா" என்று தூக்கிவிடுவாள். துண்டால் ஈரத்தை ஒற்றி எடுத்து, கம்பளிக் காலுறை மாட்டி, ஸ்வெட்டரைப் போட்டுவிடுவாள். நான் பாசத்தில் வெந்நீர் எடுத்துக்கொண்டு ஓடினால், "உடனே சுடுதண்ணி ஊத்தாதீங்கம்மா, தலை கிறுகிறுக்கும். சுக்குக் காப்பி குடுங்க, அது போதும்" என்பாள். மூன்று பேரும் அந்த அண்டாவைச் சுற்றி உட்கார்ந்து சுக்குக் காப்பி குடித்ததை இப்போது நினைத்தாலும் தொண்டையில் அந்தக் காரம் ஏறுகிறது. மூடுபனி காப்பிச் செடிக்குள் இறங்கிக்கொண்டிருக்கும். அவர் தன் சின்ன வயசுப் பஸ் கண்டக்டர் கதையை நூறாவது தரமாகச் சொல்வார். மகள் புதுசாகக் கேட்கிற மாதிரி சிரிப்பாள்.

வீக்கம் மந்திரம் போட்ட மாதிரி மறைந்துவிடவில்லை. ஆனால் படி இறங்கும்போது வருகிற அந்த "ஸ்ஸ்" குறைந்தது. "இது ஆறுதல்தான்ப்பா, வைத்தியமில்ல. காலு வீங்கினா ஓய்வு குடுக்கறதுதான் முதல்ல" என்று மகள் சொல்லிக்கொண்டே இருந்தாள். அவர் காதில் ஆறுதல் என்பது மட்டும்தான் விழுந்தது.

காலை நனைத்ததற்கே இவ்வளவு குணம் என்றால், உடம்பு முழுக்க முழுகினால் எவ்வளவு இருக்கும்? அதுவும் ஐஸ் போட்டு? அதுவும் விரதக் குளியலாகவே? சாமிக்கும் ஆச்சு, காலுக்கும் ஆச்சு. இப்படி ஓடியிருக்கிறது அவருடைய கணக்கு. முதலில் மீன் கடையில் ஐஸ் கேட்டுவிட்டு வந்தார். நான் சும்மா விடுவேனா?

"விரத ஊட்டுக்குள்ள மீன் ஐஸா? ஏனுங்க, புத்தி கித்தி இருக்குதா?"

"கழுவிட்டுப் போட்டுக்கலாம் புள்ளே."

"ஐஸைக் கழுவுவாங்களாம்! கழுவுங்க, கழுவி முடிக்கறப்ப கையில என்ன இருக்குதுன்னு பாக்கறேன்."

அதோடு அந்தப் பேச்சு ஓய்ந்தது என்று நினைத்தேன். பிறகு ஃப்ரிட்ஜைத் திறந்தால் இட்லி மாவு வைக்க இடமில்லை. எவர்சில்வர் தூக்கு, டிபன் டப்பா, டம்ளர், எல்லாவற்றிலும் தண்ணீர் உறைந்து நின்றது. மகள் தன் காலுக்கென்று வைத்திருக்கிறாள் என நான் நினைத்தேன். அப்பாவுக்காக அம்மா வைத்திருக்கிறாள் என்று அவள் நினைத்திருக்கிறாள்.

அவர் தொட்டியை விட்டுவிட்டார். தொட்டி அகலம், அத்தனை ஐஸும் போட்ட இடம் தெரியாது. காப்பி சீசனுக்குத் தண்ணீர் பிடித்துவைக்கும் நீலப் பிளாஸ்டிக் டிரம் ஒன்று, சரிவாக இருக்கும் துவைகல் பக்கம் நின்றது. அதுதான் தோதாகப் பட்டிருக்கிறது. ஆள் உள்ளே குந்தினால் கழுத்துவரை வரும். முட்டியை நீட்ட இடமில்லை. பிடிக்க ஒரு கைப்பிடி இல்லை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். பிரஷர் மாத்திரை காலையில் சாப்பிட்டபின் போடவேண்டியது. விரதத்தில் அவர் மதியம் ஒருவேளைதான் சாப்பிடுவார். காலைச் சாப்பாடு இல்லை என்றதும் மாத்திரையும் நின்றுவிட்டது. அட்டையை முருகன் படத்துக்குப் பின்னால் செருகிவைத்திருந்தார். முருகன் பார்த்துக்கொள்ளட்டும் என்று.

அன்றைக்கு விடியக்காலம் நான் பாலை அடுப்பில் வைத்திருந்தேன். டம்ளர் டம்ளராக ஏதோ தண்ணீரில் விழும் சத்தம் கேட்டது. அப்புறம் தண்ணீர் வழிந்து கல்லில் கொட்டும் சத்தம். அப்புறம், "வேல் மு—"

நான் பழக்கத்தில் "அரோகரா!" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் அவர் முழுசாகச் சொல்லவில்லையே என்று பட்டது. இரண்டாவதற்காகக் காது கொடுத்து நின்றேன். பால் பொங்கி மேலே வந்தது. இரண்டாவது வரவில்லை. பால் அடுப்பில் வழிந்து கருகியது. நான் அப்போதே ஓட ஆரம்பித்திருந்தேன்.

டிரம்முக்குள் அவர் முகம் மட்டும் தெரிந்தது. வாய் திறந்து மூடுகிறது, குரல் இல்லை. மூச்சு உள்ளே மட்டும் வெடுக் வெடுக்கென்று போகிறது, வெளியே வரவில்லை. விரல்கள் டிரம்மின் விளிம்பில் கிடக்கின்றன, பிடிக்கவில்லை. கண் என்னைப் பார்க்கிறது, என்னைத் தெரிந்ததா என்று தெரியவில்லை. சுற்றி டம்ளர் உருவத்தில் ஐஸ்கட்டிகள் மிதக்கின்றன.

நான் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினேன், நகரவில்லை. போட்ட கூச்சலில் மகள் ஓடி வந்தாள். ஒரு நொடி பார்த்தாள். "தூக்க முடியாதும்மா, சாய்ச்சிருங்க! சரிவுப் பக்கம்!" என்று கத்தி, அப்பாவின் தலையைத் தன் கையில் ஏந்திக்கொண்டு விளிம்பைப் பிடித்து இழுத்தாள். நான் மறுபக்கம் முதுகைக் கொடுத்துத் தள்ளினேன். ஆபரேஷன் செய்த காலைத்தான் துவைகல்லில் ஊன்றி நின்றாள். அந்தக் கால் வழுக்கவில்லை. டிரம் ஆடி, சாய்ந்து, தண்ணீரோடும் ஐஸோடும் அவரும் புழக்கடையில் வந்து விழுந்தார். பிறந்த கன்றுக்குட்டி மாதிரி கிடந்தார்.

ஈர வேட்டியை உருவி, துடைத்து, வீட்டில் இருந்த கம்பளி அத்தனையும் சுற்றினோம். நான் கையைச் சூடு பறக்கத் தேய்க்கப் போனேன். "தேய்க்காதீங்கம்மா, அடுப்புப் பக்கமும் வேண்டாம், போத்தி மட்டும் வைங்க" என்று தடுத்தாள். வெளியே வந்த பிறகுதான் நடுக்கம் அதிகமாயிற்று, பல் கிட்டிப்போகிற நடுக்கம். பக்கத்து வீட்டு ஜீப்பில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் நான் அவர் காதில் "வேல் முருகனுக்கு" என்றேன். பாதி வழியில் உதடு அசைந்து "அரோகரா" என்று வந்தது. அதுவரை நான் அழவில்லை.

பரிசோதித்துவிட்டு டாக்டரம்மா கோபிக்கவில்லை, விளக்கினார். "திடீர்னு அவ்வளவு குளிர் பட்டா மூச்சு தானா உள்ள இழுக்கும், நம்ம கையில இல்லைங்க. அந்த நேரம் தலை தண்ணிக்குள்ள இருந்தா தண்ணியத்தான் இழுக்கும். பிரஷரும் ஒரே தாவு தாவும். மாத்திரையும் நிறுத்தி, வெறும் வயித்துல, தனியா இறங்கினா என்னங்க ஆகும்? இருதயம் தப்பிச்சது உங்க நல்ல நேரம்."

அவர் கேட்ட முதல் கேள்வி: "காவடி எடுக்கலாங்களா?"

"மாத்திரையை ஒழுங்காப் போட்டுட்டு மறுபடி வாங்க. பாத்துட்டுச் சொல்றேன்."

வீட்டுக்கு வந்து மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். வெறும் வயிற்றில் வேண்டாம் என்று சொல்லியிருந்ததால், காலையில் ஏதாவது சாப்பிட்டாக வேண்டும். விரதம் போய்விடுமே என்ற தவிப்பு. காவடியே கிடைக்காதோ என்ற தவிப்பு அதற்கும் மேலே. பார்க்க வந்த எங்கள் குருசாமிதான், அதாவது யாத்திரைக் குழுவை நடத்துகிறவர், அவர் கையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"ஏனுங்க, அதுல கறி மீனு கலந்திருக்குதுங்களா?"

"இல்லீங்க சாமி."

"அப்ப ரெண்டு வாழைப்பழத்தைத் தின்னுட்டு முழுங்குங்க. பழனிக்காரனே ஒரு பழத்துக்காகச் சண்டை போட்டுக்கிட்டு மலையேறினவன்தான். உங்க பழத்துக்கு அவன் கோவிச்சுக்க மாட்டான்."

அவர் சிரித்தார். டிரம்முக்குப் பிறகு அன்றைக்குத்தான் சிரித்தார். மறுநாளிலிருந்து முருகன் படத்துக்கு முன்னால் நின்று மாத்திரை போட்டுக்கொண்டார். பின்னால் இருந்த அட்டை முன்னால் வந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

தை பிறந்ததும் டாக்டரம்மா பார்த்துவிட்டு அனுமதி கொடுத்தார். சின்னக் காவடி, மெதுவான நடை, வெயிலில் ஓய்வு, மாத்திரை தவறக்கூடாது, தலையைத் தண்ணீருக்குள் முக்கக்கூடாது. நானும் மகளும் கூடவே நடந்தோம். தங்கும் இடங்களில் ஒரு பக்கெட்டில் அவர் காலை வைத்து உட்கார, மகள் பக்கத்தில் உட்கார்ந்து அவரைப் பேசவைப்பாள். குழுவில் பாதிப்பேர் கண்டக்டர் கதையை மனப்பாடம் செய்துவிட்டார்கள்.

காவிரிக்கரை வந்தது. எல்லாரும் படித்துறையிலிருந்து தொப்பென்று விழுந்து முழுகினார்கள். இவர் காவடியை இறக்கி வைத்துவிட்டுக் கடைசிப் படியில் உட்கார்ந்தார். பாதத்தை விட்டார். நின்றார். முட்டிவரை இறங்கினார். நின்றார். கையிலும் முகத்திலும் தண்ணீரைத் தெளித்துக்கொண்டு மூச்சை மெதுவாக வெளியே விட்டார்.

தண்ணீருக்குள்ளிருந்து ஒருவர் கத்தினார். "என்னுங்க மாப்ள, பொண்ணு பாக்கப் போற மாதிரி போறீங்க! விரதத்துல ஓட்டையா?"

 அவருடைய ரோஷம் எனக்குத் தெரியும். சட்டென்று முழுகிவிடுவாரோ என்று மகள் என் கையைப் பிடித்தாள். அவர் திரும்பி எங்களைப் பார்த்தார். பிறகு அந்த மனுஷரைப் பார்த்து, "ஆமாங்க மச்சான், ஓட்டைதான். அடைச்சிக்கிட்டே இறங்கறேன்" என்றார். இடுப்புவரை இறங்கி நின்று, இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளித் தலையில் ஊற்றிக்கொண்டார்.

"வேல் முருகனுக்கு!"

முழுசாக வந்தது. நான் கரையிலிருந்து "அரோகரா!" என்றேன். இரண்டாவது அள்ளலுக்கு மகளும் சேர்ந்தாள். மூன்றாவதற்குக் கேலி பேசிய மச்சானும், மற்ற எல்லாரும் சேர்ந்து சொன்னார்கள். அந்தச் சத்தம் எதிர்க்கரை வரைக்கும் போயிருக்கும்.

பழனியில் காவடி செலுத்தினார். இறங்கும்போது மகள் அவர் கையைப் பிடித்தாளா, அவர் அவள் கையைப் பிடித்தாரா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அந்த வருஷத்திலிருந்து எங்கள் குழுவில் யாரும் தனியாகத் தண்ணீரில் இறங்குவதில்லை. கரையில் பதில் சொல்ல ஓர் ஆள் நிற்கவேண்டும். மெதுவாக இறங்குகிறவரை யாரும் கேலி செய்வதும் இல்லை. மகள் இப்போது கல்யாணமாகி வெளியூரில் இருக்கிறாள். மார்கழி பிறந்தால் காலையில் போன் வந்துவிடும். "அப்பா குளிச்சாச்சாம்மா? பதில் சொன்னீங்களா?" இப்போது அவர் வெதுவெதுப்பான தண்ணீரில்தான் குளிக்கிறார். பதில் சொல்வது மட்டும் மாறவில்லை. அண்டா புழக்கடையில் கவிழ்ந்து கிடக்கிறது. சாயங்கால வெயில் அதன்மேல் விழும்போது நான் கொஞ்சநேரம் சும்மா நின்று பார்ப்பேன். மூன்று பேர் உட்கார்ந்த இடம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இந்தக் கதை எங்கள் மலையில் ஏற்கெனவே பல உருவம் எடுத்துவிட்டது. முருகனே மயில்மேல் வந்து தலைமுடியைப் பிடித்துத் தூக்கினான் என்று ஒருவர் சொல்கிறார். பெண்பிள்ளை பேச்சைக் கேட்டு ஐஸில் இறங்கியதால் வந்த தோஷம் என்று இன்னொருவர். இரண்டும் இல்லை. என் முருகன் என் காதில் இருந்தான், என் மகள் காலில் இருந்தான், டாக்டரம்மா வாயில் இருந்தான். எனக்கு அது போதும். நீங்கள் யாருக்குச் சொன்னாலும் மயிலைச் சேர்க்காதீர்கள், மாத்திரையை விட்டுவிடாதீர்கள். அவர் டிரம்முக்குள் மாட்டியதையும் மறைக்கவேண்டாம், சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும் என்று அவரே சொல்லிவிட்டார். குளிர்ந்த தண்ணீரில் இறங்கப்போகும் யாராவது ஒருவரிடம் இதை இப்படியே கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள்.